கேம்பர் வேனோடு பைக்கையும் ஏற்காட்டுக்குக் கொண்டுபோவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த உபயோகத்துக்காக வேனைப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டியோடு கேம்பராக மாற்றி வைத்திருப்பவர்கள் சேலம் வட்டாரத்தில் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு எங்கள் பதில்களும் இங்கே. கணக்குகளில் வரும் அளவுகள் உதாரணத்துக்கு எடுத்தவை. உங்கள் வண்டியின் அளவுகளை டேப் வைத்து எடுத்து அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தானே, பைக்கை எதற்கு வேனில் ஏற்ற வேண்டும்?

கூட வருபவர்களில் பைக் ஓட்டத் தெரிந்த ஒருவர் இருந்தால் ஏற்றவே வேண்டாம். அவர் பைக்கில் மேலே வரட்டும், வேன் பின்னால் வரட்டும். அதைவிடப் பாதுகாப்பான, செலவில்லாத வழி கிடையாது.

மேலே போன பிறகு பைக் தேவைப்படும் என்பது உண்மைதான். ஏரிப் பக்கமும் ஒண்டிக்கடை ரவுண்டானாவிலும் விடுமுறை நாளில் வேனை நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். 32 கி.மீ. லூப் ரோடும், எஸ்டேட்டுகளுக்குள் பிரியும் கிளைச் சாலைகளும், கரடியூர்ப் பக்கமும் பைக்குக்கு ஏற்றவை. எதிரே ஒரு பஸ் வந்தால் வேனை ரிவர்ஸ் எடுக்க வேண்டிய இடங்கள் அங்கே நிறைய.

ஆகவே பைக்கை ஏற்றுவதற்கு நியாயமான காரணங்கள் மூன்றுதான்: ஓட்ட இரண்டாவது ஆள் இல்லை, ஏற்காட்டோடு நிற்காமல் அங்கிருந்து நெடுந்தூரம் போகிறீர்கள், அல்லது பைக் பழையது, நெடுஞ்சாலையில் ஓட்டிச் சிரமப்படுத்த விருப்பமில்லை.

பின்பக்கம் ரேக் மாட்டி அதில் பைக்கைக் குறுக்கே நிறுத்தலாமா? வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. மலைக்கு வேண்டாம் என்பதே எங்கள் பதில். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறோம்.

வேனின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம், 3,350 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சிலிருந்து பம்பர் வரை 1,300 மி.மீ. அதற்குப் பின்னால் 750 மி.மீ. அகலத்தில் ரேக். பைக்கின் எடை விழும் புள்ளி பின் அச்சிலிருந்து ஏறத்தாழ 1,650 மி.மீ. தள்ளி வரும். கிளாசிக் 350 பைக் 195 கிலோ, ரேக் 45 கிலோ, மொத்தம் 240 கிலோ.

அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை துலாக்கட்டை மாதிரி வேலை செய்யும். பின்பக்கம் அமுங்க அமுங்க முன்பக்கம் எழும்பும். 240-ஐ 1,650-ஆல் பெருக்கி 3,350-ஆல் வகுத்தால் 118. அதாவது முன் அச்சிலிருந்து 118 கிலோ கழன்றுவிடுகிறது. பின் அச்சில் 240 அல்ல, 358 கிலோ கூடுகிறது. இது சமதரையில். ஏற்றத்தில் எடை இன்னும் பின்னுக்குச் சாயும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும் நேரத்தில் முன்சக்கரத்துக்குப் பிடிமானம் போதாமல், வண்டி வளையாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போகும். ஈரச் சாலையில் இதை நன்றாகவே உணரலாம்.

அடுத்தது வால் வீச்சு. வளைவில் வண்டியின் பின் மூலை வெளிப்பக்கமாக வீசும். வளைவின் மையத்திலிருந்து வெளிப் பின்சக்கரம் வரை 6 மீட்டர் என்றால், ரேக் இல்லாதபோது பின் மூலை 14 செ.மீ. வெளியே போகும். ரேக்கோடு 34 செ.மீ. போகும். அந்த முனையில் இருப்பது பைக்கின் சக்கரம். எதிரே இறங்கும் பஸ்ஸின் பக்கவாட்டிலோ தடுப்புச் சுவரிலோ உரசப்போவது அதுதான்.

மூன்றாவது, தரை தட்டுவது. பம்பர் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் பின்னால் சுமார் 19 டிகிரி சரிவு வரை தட்டாமல் தப்பிக்கும். அதே உயரத்தில் ரேக் நீட்டிக்கொண்டிருந்தால் 12 டிகிரிதான். எஸ்டேட் வாசல்களிலும் ஹோம்ஸ்டே நுழைவுகளிலும் அதைவிடச் செங்குத்தான சரிவுகள் சாதாரணம்.

மொபெட் என்றால் கதை வேறு. எக்ஸ்.எல். 100 தொண்ணூறு கிலோவுக்குள்தான். ரேக்கையும் 25 கிலோவுக்குள் முடித்தால் முன் அச்சில் கழலும் எடை பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் அடுத்த கேள்வியில் வரும் சட்டச் சிக்கல் அதற்கும் உண்டு.

ரேக் மாட்டுவது சட்டப்படி சரியா? போலீஸ் பிடிப்பார்களா?

பிடித்தால் உங்களிடம் சொல்ல நியாயம் இருக்காது.

மத்திய மோட்டார் வாகன விதி 93-இன்படி பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன வேனுக்கு அந்த எல்லை 2,010 மி.மீ.; ரேக்கோடு சேர்த்தால் 2,050. அங்கேயே தாண்டிவிட்டது. வண்டியின் பின் எல்லைக்கு வெளியே சுமை நீட்டிக்கொண்டிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது 52-ஆம் பிரிவுக்கு எதிரானது. 182ஏ(4) பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பின் விளக்கும் நம்பர் பிளேட்டும் பைக்கால் மறைந்தால் அது தனிக் குற்றம்.

பட்டறையில் “எல்லாரும் மாட்டுறாங்க சார்” என்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் படம் எடுப்பது அந்த ரேக்கைத்தான்.

ஏற்கெனவே ரேக்கோடுதான் வேனை வாங்கினேன். என்ன பார்க்க வேண்டும்?

முதலில் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கழற்றிவிடுவதே நல்லது. கழற்றும் வரைக்குமாவது கீழே உள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள்.

ரேக் எதில் பிடிக்கப்பட்டிருக்கிறது? பம்பரிலோ, பின்கதவிலோ, தரைத் தகட்டிலோ என்றால் ஒரு சைக்கிளைக்கூட ஏற்றாதீர்கள். சேசிஸ் நீளச் சட்டத்தில்தான் பிடித்திருக்க வேண்டும். அதிலும் சட்டத்தின் செங்குத்துப் பக்கத்தில். மேல், கீழ் விளிம்புகளில் துளை போட்டிருந்தாலோ, சேசிஸிலேயே வெல்டிங் வைத்திருந்தாலோ அந்த இடத்தில் சட்டம் பலவீனப்பட்டுவிட்டது என்று அர்த்தம். டாடா விங்கர், ஃபோர்ஸ் அர்பேனியா மாதிரி மோனோகாக் வண்டிகளில் தனிச் சேசிஸே கிடையாது. அவற்றில் பின்னால் எடையைத் தொங்கவிட இடமே இல்லை.

போல்ட் தலையில் 8.8 என்ற உறுதித் தரம் பொறித்திருக்கிறதா பாருங்கள். ஒன்றும் பொறிக்காத சாதா போல்ட் ரேக்குக்கு ஆகாது. வெல்டிங் ஓரங்களைத் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். பெயின்டில் மயிரிழைக் கீறல், அதிலிருந்து துருக்கோடு வழிந்திருந்தால் உள்ளே விரிசல் தொடங்கிவிட்டது. குழியில் விழும் ஒவ்வொரு முறையும் 240 கிலோ சுமை ஒரு கணத்துக்கு இரண்டு மூன்று மடங்காக இறங்குகிறது. ஆட்டத்தில் தேய்ந்து உடையும் இரும்பு எச்சரிக்கை கொடுக்காது.

சைலன்சர் வாய் எங்கே பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் வெளிவரும் காற்று மிகவும் சூடு. அதற்கு நேர் எதிரே பைக்கின் டயரோ மட்கார்டோ இருந்தால் உருகிவிடும்.

அப்படியானால் பைக்கை வேனுக்குள்ளேயே ஏற்றுவதுதான் வழியா?

ஒரே வண்டியில் போக வேண்டும் என்றால், ஆமாம். எடை பின் அச்சுக்கு அருகில் வருகிறது. மேலே சொன்ன அதே 195 கிலோ பைக்கை அச்சுக்கு 600 மி.மீ. பின்னால் உள்ளே நிறுத்தினால் முன் அச்சில் கழலும் எடை 35 கிலோதான். முன்பு 118 என்பதை நினைத்துப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை முன் சீட்டுகளுக்குப் பின்னால் வைத்துவிட்டால் அந்த 35-ம் ஈடாகிவிடும்.

இதற்கு விலை உண்டு. படுக்கையை மடக்கும்படி செய்ய வேண்டும், அல்லது உயர்த்திப் போட்டு அடியில் பைக்குக்கு இடம் விட வேண்டும். கிளாசிக் 350-இன் நீளம் 2,145 மி.மீ., ஸ்ப்ளெண்டர் 2,000 மி.மீ. சுற்று. உயரத்தை அளக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹேண்டில் பார் வரை அளந்தால் போதும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு 110 கிலோ சுற்றில் இருக்கும் ஸ்ப்ளெண்டர் அல்லது ஆக்டிவாதான் எங்கள் சிபாரிசு. ஏற்காட்டில் லூப் ரோடு சுற்றிவர அதற்கு மேல் தேவையில்லை.

கிளம்பும் முன் எடை மேடைக்குப் போய்வாருங்கள். சேலம் பைபாஸிலும் சங்ககிரிப் பக்கமும் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர், கேஸ், ஆட்கள், பைக் எல்லாம் ஏற்றிய நிலையில் மூன்று எடை வாங்குங்கள்: முழு வண்டி, முன்சக்கரங்கள் மட்டும் மேடையில், பின்சக்கரங்கள் மட்டும் மேடையில். முழு எடை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். முன் அச்சில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக விழுந்தால் சாமானை மாற்றி அடுக்காமல் மலை ஏறாதீர்கள் என்பது எங்கள் கணிப்பு.

பைக்கை உள்ளே ஏற்றுவது எப்படி? பலகை எவ்வளவு நீளம் வேண்டும்?

வேனின் தரை 70 செ.மீ. உயரம் என்றால் 2.4 மீட்டர் பலகை 17 டிகிரி சாய்வு தரும். 195 கிலோ பைக்கைத் தள்ள 57 கிலோ விசை போதும். 1.8 மீட்டர் பலகை என்றால் 23 டிகிரி. 76 கிலோ விசை வேண்டும். அதோடு பலகை வேனைத் தொடும் விளிம்பில் பைக்கின் அடிவயிறு தட்டி நின்றுவிடும். ஆகவே நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வேனின் பின்பக்கத்தைச் சாலையோர மேட்டுக்கு எதிரே நிறுத்தி, பலகையின் கீழ் முனையை மேட்டில் வைத்தால் ஏற வேண்டிய உயரமே பாதியாகும். லோடு ஆட்டோக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான்.

பலகை நழுவி விழுவதால்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. பின்சக்கரம் பலகையில் ஏறி உந்தும்போது பலகை பின்னோக்கித் தள்ளப்படும். அதனால் பலகையை வேனின் கொக்கியோடு பெல்ட் போட்டுக் கட்டிவிட்டுத்தான் பைக்கைத் தொட வேண்டும். பைக் ஏறும் பலகைக்குப் பக்கத்தில் ஆள் நடக்க இன்னொரு பலகை போடுங்கள். தரையிலிருந்து வேனுக்குள் தாவிக் கால் வைக்கும் அந்த நொடியில்தான் பைக் சாய்கிறது.

மூன்று பேர் இருந்தால் இஞ்சினை அணைத்துத் தள்ளுங்கள்: ஒருவர் ஹேண்டில் பாரில், ஒருவர் பின்னால், ஒருவர் வலது பக்கம் சாயாமல் பிடிக்க. பைக்கின் மேல் உட்கார்ந்து ஓட்டி ஏற்றாதீர்கள். உள்ளே போனதும் கூரை தலையில் இடிக்கும், கால் ஊன்ற இடம் இருக்காது.

இறக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. பைக் பின்னோக்கி இறங்கும். எடை முழுவதும் பின்சக்கரத்தில். முன் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும், பைக் நிற்காது. பக்கத்தில் நடந்தபடி இறக்குவதால் கால் பிரேக்கை மிதிக்கவும் முடியாது. இஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல மெல்லப் பிடித்து விடுங்கள். கிளட்ச்சை விட்டால் பின்சக்கரம் நிற்கும், பிடித்தால் உருளும். இதைச் சமதரையில் ஒருமுறை பழகிக்கொண்டால் பலகையில் பயம் இருக்காது. ஸ்கூட்டருக்கு இந்த வழி இல்லை. ஆனால் இரண்டு பிரேக்குகளும் கையிலேயே இருப்பதால் இடது கைப் பிரேக்கைப் பயன்படுத்தலாம்.

பெல்ட் எங்கே, எப்படிக் கட்டுவது?

நான்கு ராட்செட் பெல்ட் (பல் பல்லாக இறுக்கும் பெல்ட்), நான்கு மென்மையான வளையப் பட்டைகள், முன்சக்கரத்துக்கு ஒரு கட்டை. இவ்வளவுதான் சாமான். ஒவ்வொரு பெல்ட்டின் வேலைச் சுமையும் குறைந்தது 500 கிலோ இருக்க வேண்டும். அறுந்துபோகும் அளவு அதைப்போல மூன்று மடங்கு என்பது பொதுவான கணக்கு. பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டில் இரண்டும் அச்சிட்டிருக்கும், பெரிய எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பாலியஸ்டர் பெல்ட்டாக வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும்.

முதலில் முன்சக்கரம் கட்டையில் நேராக முட்டி நிற்கட்டும். முன் பெல்ட்டுகளை ஹேண்டில் பார் முனையில் மாட்டக் கூடாது. அது வளையும், கேபிள்களை நசுக்கும். இரண்டு ஃபோர்க் குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்த் தட்டில் வளையப் பட்டையைச் சுற்றி, அதில் கொக்கியை மாட்டுங்கள். பெல்ட் முன்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் 45 டிகிரி சுற்றில் இறங்க வேண்டும். இடம், வலம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பைக் சாய்ந்தே நிற்கும்.

ஃபோர்க் எவ்வளவு அமுங்க வேண்டும்? அதன் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் குறைந்தால் குழியில் ஃபோர்க் மேலும் அமுங்கும் நொடியில் பெல்ட் தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். அடிவரை அமுக்கிக் கட்டினால் ஆயில் சீல் பழுதாகும்; இறக்கிய பிறகு ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிவது இதனால்தான். டயருக்கும் மட்கார்டுக்கும் மேலுள்ள தட்டுக்கும் இடையில் அளவான மரக்கட்டை ஒன்று வைத்தால் அதற்கு மேல் அமுங்காது.

பின் பெல்ட்டுகள் ஃப்ரேமிலோ பின் ஃபுட்ரெஸ்ட் பிடிக்கும் தாங்கியிலோ வரட்டும். கேரியர், கிராப் ரெயில், சைலன்சர் எதிலும் வேண்டாம். பின் பெல்ட்டுகளின் வேலை, பின்பக்கம் துள்ளி நகராமல் பார்ப்பது மட்டுமே. சைடு ஸ்டாண்டையும் சென்டர் ஸ்டாண்டையும் மடக்கிவிடுங்கள். ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டினால் பெல்ட்டின் இழுவை முழுவதும் அந்த ஸ்டாண்ட் பிடிக்கும் ஃப்ரேம் பகுதியில் விழும். அங்கே ஃப்ரேம் வளைந்த பைக்குகள் உண்டு. கடைசியாக முதல் கியரில் போடுங்கள்.

பெல்ட்டின் மறுமுனை எதில் பிடிக்கிறது என்பது இதைவிட முக்கியம். பிளைவுட் தரையில் ஸ்க்ரூ போட்ட கொக்கி ஒரே பிரேக்கில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அவசர பிரேக்கில் சுமை தன் எடையில் 80 சதவீதம் விசையோடு முன்னால் பாயும் என்று கணக்கு வைப்பார்கள். 195 கிலோவுக்கு அது 156 கிலோ. எம்10 வளைய போல்ட்டைத் தரைத் தகடு முழுக்கத் துளைத்து இறக்கி, அடியில் 100-க்கு 100 மி.மீ., 5 மி.மீ. கனத் தகடு கொடுத்து முடுக்க வேண்டும். துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டீசல் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று தெரியாமல் டிரில்லைத் தொடாதீர்கள்.

புதிதாகக் கட்டிய பெல்ட் முதல் பத்து கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வருவதற்குள் அந்தத் தூரம் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. அடிவாரத்தில் நிறுத்தி, நான்கையும் கையால் தட்டிப் பார்த்து, ஒரு பல் இறுக்கிவிட்டு மலையைத் தொடங்குங்கள்.

நல்ல கயிறு இருக்கிறது, அது போதாதா?

போதாது. முடிச்சு இறுக இறுகக் கயிறு தளரும், அதை வழியில் இறுக்க அவிழ்த்துத்தான் கட்ட வேண்டும். பெல்ட்டோடு கூடுதல் பாதுகாப்பாக முன்சக்கரத்தைக் கட்டையோடு சேர்த்துக் கட்டக் கயிறு உதவும்.

பைக்கில் பெட்ரோல் இருக்கலாமா? உள்ளே கேஸ் அடுப்பும் இருக்கிறதே.

டேங்கில் ஒரு லிட்டர் போதும். மேலே ஏற்காட்டிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சுற்றில் இருக்கிறது, ஏற்காடு 1,515 மீட்டர். 1,200 மீட்டருக்கு மேல் ஏறும்போது வெளிக் காற்றழுத்தம் குறைவதால், டேங்கில் அடைபட்ட ஆவி மூடியின் வழியாக வெளியேறும். மூடிய வேனுக்குள் அது வாசனையோடு நிற்காது. ஒரு பொறி போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தேங்கும். மேல் ஜன்னலைத் திறந்து வைத்தால் அது வெளியேறாது. தரை மட்டத்தில் காற்றுத்துளை வேண்டும்.

ஆர்.எக்ஸ். 100 மாதிரி கார்புரேட்டர் பைக்குகளில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருக்கும் மிச்சத்தையும் அடியிலுள்ள திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். சாய்வில் வழிவது அந்த மிச்சம்தான். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை ஓட்டம் முழுக்க மூடியே வைக்க வேண்டும். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் இருந்தால் அதற்கும் இதுவே விதி. பைக் உள்ளே இருக்கும் இரவில் உள்ளே சமைப்பதும் படுப்பதும் கூடாது; இறக்கிவிட்டுப் பின்கதவுகளை அரை மணி நேரமாவது திறந்து வையுங்கள்.

சின்ன யானையில் தனியாக அனுப்பினால் என்ன?

நல்ல யோசனை. எங்கள் கணக்கில் பைக் ஓட்ட ஆள் இல்லாதவர்களுக்கு முதல் தேர்வே இதுதான். டாடா ஏஸின் தளம் ஏழடி நீளம் சுற்று. ஸ்ப்ளெண்டர் நேராக நிற்கும், கிளாசிக் 350 விளிம்போடு விளிம்பாக வரும், ஹிமாலயன் 450-ஐக் கோணலாக நிறுத்த வேண்டும். பின்கதவைத் திறந்துபோட்டு அதன் மேல் சக்கரத்தை ஏற்றி வர விடாதீர்கள். ஓட்டுநர் கயிறு வைத்திருப்பார். உங்கள் நான்கு பெல்ட்டையும் கையோடு கொடுத்து, கட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வாடகை பேசும்போது காலி வண்டி திரும்பி இறங்குவதும் சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரெய்லர்?

சமவெளிக்குச் சரி, மலைக்கு வேண்டாம். டிரெய்லர் தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், வேனில் இழுக்கும் கொக்கியும் அனுமதியோடு இருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரின் சக்கரம் வேனின் சக்கரத்தைவிட உள்பக்கமாக வெட்டிப் போகும். வேன் வளைந்துவிட்டது என்று நினைக்கும்போது டிரெய்லர் உள் ஓரக் கல்லில் ஏறும். நடுவில் ரிவர்ஸ் எடுக்க வேண்டி வந்தால் பழக்கமில்லாதவர் கையில் அது மடங்கிக்கொள்ளும், பின்னால் வரும் மொத்தப் போக்குவரத்தும் நின்றுவிடும். 20 வளைவு கொண்ட ஏற்காட்டுக்கே இப்படி. 70 வளைவு கொண்ட கொல்லிமலையில் வேனே பார்த்துத்தான் போக வேண்டும். டிரெய்லரோடு வந்தவர்கள் அதைச் சேலத்தில் தெரிந்த இடத்தில் விட்டுவிட்டு, பைக்கை ஓட்டிக்கொண்டு மேலே போவதே புத்திசாலித்தனம்.

தொலைதூரப் பயணத்துக்கு ரயிலில் அனுப்பலாமா?

சேலம் ஜங்ஷன் பார்சல் அலுவலகத்தில் பதியலாம். ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் வேண்டும். பெட்ரோலை முழுக்க வடித்திருக்க வேண்டும். சாக்கு சுற்றிக் கட்டி, பெயரும் ஊர்களும் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேனில் வடநாடு போகிறவர்கள் பைக்கை முன்கூட்டியே அனுப்பிவிட்டுப் போய் எடுத்துக்கொண்டால் மேலே சொன்ன பாதிக் கவலை இல்லை.

சுமையோடு மலைப்பாதையில் எப்படி ஓட்டுவது?

ஏறும்போது வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். வளைவின் நடுவில் கியர் மாற்றினால் இழுவை அறுந்து வண்டி பின்னுக்கு உருளும், பெல்ட்டில் வெட்டிழுப்பு விழும். ஏறும் வண்டிக்குத்தான் வழி. ஆனால் பஸ் வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும், ஆகவே பஸ்ஸைக் கண்டால் வளைவுக்கு வெளியிலேயே நின்றுவிடுங்கள்.

இறக்கம்தான் பரீட்சை. ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் பிரேக்கைச் சூடேற்றிக் கொல்லும் பழக்கம். அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிட்டு, மறுபடி பிடியுங்கள். நியூட்ரலில் விடுவதும் இஞ்சினை அணைப்பதும் கூடவே கூடாது. இஞ்சின் நின்றால் பிரேக்குக்கான உதவி ஓரிரு மிதிப்பில் தீர்ந்துவிடும். கருகல் வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிரம்மிலோ டிஸ்க்கிலோ தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

குப்பனூர் வழியாக இறங்கச் சொன்னால், அங்கே சரிவு கூடுதல் என்பதை மனத்தில் வைத்து இன்னும் ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று மாற்றிவிடுவது வழக்கம்.

பெங்களூரு பக்கமிருந்து வருகிறவர்கள் இதே முறையைத் தொப்பூர் இறக்கத்திலும் கடைப்பிடிக்க வேண்டும். நாற்கரச் சாலை என்பதால் இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. கனமான லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் இடம் அது.

மழைக் காலத்தில் போகலாமா?

வடகிழக்குப் பருவமழையில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பனிமூட்டம் இறங்கினால் ஹை பீம் போடாதீர்கள், அது கண்ணைத்தான் மறைக்கும்.

திறந்த வண்டியில் வரும் பைக்கின் மேல் தார்ப்பாய் போர்த்துவது தப்பு. காற்றில் படபடத்து டேங்கின் பெயின்டை உப்புத்தாள் போட்டதுபோல் தேய்த்துவிடும். நனையட்டும், பைக் நனையக் கூடியதுதான். சைலன்சர் வாயையும் சாவித் துளையையும் மட்டும் அடைத்தால் போதும்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கொண்டுபோகலாமா?

பெட்ரோல் ஆவித் தொல்லை இல்லை, எடையும் 110 கிலோ சுற்றுதான், லூப் ரோட்டுக்குத் தாராளம். ஆனால் வேனின் பேட்டரியிலிருந்து அதைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று நம்பாதீர்கள். 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மொத்தமே 2.4 யூனிட். பெரும்பாலான ஸ்கூட்டர்களின் பேட்டரி அதைவிடப் பெரியது. கீழே முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, மேலே தங்குமிடத்தில் பிளக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்சூரன்ஸ், லைசென்ஸ்?

பைக்குக்கு முழுப் பாலிசி இருந்தால், சாலை வழியாகவோ ரயில் வழியாகவோ இன்னொரு வண்டியில் எடுத்துச் செல்லும்போது ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். பாலிசித் தாளில் சேதப் பிரிவின் காரணப் பட்டியலிலேயே இருக்கிறது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசிக்கு இது கிடையாது. வேனில் செய்த மாற்றங்களை ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸ் போதும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. இரண்டு வண்டிகளின் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் டிஜிலாக்கரில் வைத்திருங்கள்.

மேலே இறக்கியதும் உடனே ஓட்டலாமா?

ஐந்து நிமிடம் கொடுங்கள். பெல்ட்டைக் கழற்றும்போது ஒருவர் பைக்கைப் பிடித்தபடி நிற்க வேண்டும். ஃபோர்க் சட்டென்று மேலே எழும்பும். பின் பெல்ட்டுகளை முதலில் கழற்றி, முன் இரண்டையும் கடைசியில் தளர்த்துங்கள். ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, இரண்டு பிரேக்குகளின் பிடிமானம், பெல்ட் உரசிய இடத்தில் பிரேக் ஹோஸ், ஹேண்டில் நேராக இருக்கிறதா, இவ்வளவையும் பாருங்கள். கழற்றிய கண்ணாடிகளை மாட்டிவிட்டு, பெட்ரோல் டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். கார்புரேட்டர் பைக் மேலே கொஞ்சம் திணறும், புகையும். காற்று மெலிவதால் பெட்ரோல் கலவை கூடிவிடுகிறது. இரண்டு நாள் தங்கலுக்காகக் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்ற வேண்டாம். சோக் போடாமல் ஸ்டார்ட் செய்து, ஐட்லிங் திருகைக் கால் சுற்று கூட்டினால் போதும். கீழே வந்ததும் பழைய இடத்துக்கே திருப்பிவிடுங்கள்.